பாதிச் சொல்லும் ஒரு காலண்டர் தாளும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தேனுபுரீஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, காபியோடு பேப்பரைப் பிரித்து உட்கார்ந்தேன். மாடி வீட்டுப் பையன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். இன்ஜினீயரிங் கடைசி வருடம் படிக்கிறான். நம் மாடம்பாக்கம் ஏரியில் தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று அளந்து சொல்லும் ஒரு சின்னக் கருவி அவனுடைய புராஜெக்ட்.

"தாத்தா, புரோகிராம் ஓடுது. போர்டுல லைட்டும் எரியுது. ஆனா எடிட்டர் மட்டும் எல்லாம் தப்புன்னு சொல்லுது. பாதி வார்த்தை அடிச்சா மீதியைக் காட்டவும் மாட்டேங்குது."

பார்த்தேன். திரை முழுக்கச் சிவப்புக் கோடுகள். பரீட்சைப் பேப்பரில் கண்டிப்பான வாத்தியார் கோடு போட்ட மாதிரி இருந்தது. அவன் எழுதியதில் ஒரு தப்பும் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடமே 1996-ஆம் வருடம் ஞாபகத்துக்கு வந்து சிரிப்பு அடங்கியது. அந்தக் கதையைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பழைய சரித்திரம் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் பக்கமே போகாத நண்பர்களும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள். பயப்பட வேண்டாம், உங்களுக்கும் புரிகிற மாதிரிதான் எழுதப் போகிறேன்.

புரோகிராம் எழுதுவதில் இரண்டு பேருக்கு வேலை. ஒருவர் எடிட்டர். நாம் தட்டச்சு செய்வதை வாங்கிக்கொள்கிற காகிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் கம்பைலர். நாம் எழுதியதைப் படித்து எந்திரத்தின் மொழிக்கு மாற்றித் தருபவர். கம்பைலரிடம் வேலையைக் கொடுக்கும்போது, புரோகிராமுக்கு வெளியே சில குறிப்புகளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். எந்தச் சிப்புக்காக மாற்ற வேண்டும், துணைக் கோப்புகள் எந்த அறையில் இருக்கின்றன, கடிகார வேகம் என்ன, இப்படி. அந்தக் குறிப்புகளுக்குத்தான் ஃபிளாக் என்று பெயர், கொடி. தாம்பரம் ஸ்டேஷனில் கார்டு காட்டும் கொடி போலத்தான். வண்டி அதே வண்டி. எந்தக் கொடி காட்டினார் என்பதைப் பொறுத்து நகரும் அல்லது நிற்கும்.

சென்னைக்கு இந்தக் கொடிகள் புதிதல்ல. ஐ.ஐ.டி. மெட்ராஸில் 1973-இல் ஐபிஎம் 370 கம்ப்யூட்டர் வந்தது. என் அண்ணன் அங்கே படித்தபோது துளையிட்ட அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி எடுத்துப் போவான். புரோகிராம் அட்டைகளுக்கு முன்னால் ஜேசிஎல் என்று சில அட்டைகள் வைக்க வேண்டும். எந்த கம்பைலர், அதற்கு என்னென்ன கட்டளை என்பதெல்லாம் அந்த அட்டைகளில்தான். அதில் ஒரு கமா தவறினாலும் அடுத்த நாள் வெறும் பிழைத்தாள்தான் கைக்கு வரும். புரோகிராமைத் திருத்தியதை விட அந்த முன்னட்டைகளைத் திருத்திய நாட்கள்தான் அதிகம் என்பான்.

1970-களில் அமெரிக்காவில் பெல் லேப்ஸ் நிறுவனத்தில் டென்னிஸ் ரிட்சி சி மொழியை உருவாக்கினார். 1976-இல் பெர்க்லியில் மாணவராக இருந்த பில் ஜாய் 'விஐ' என்ற எடிட்டரை எழுதினார். அந்தக் காலத்தில் எடிட்டருக்குக் கம்பைலரைப் பற்றி எதுவும் தெரியாது. நீங்கள் புரோகிராம் எழுதினாலும் சரி, கல்யாணப் பத்திரிகை எழுதினாலும் சரி, அதற்கு ஒன்றுதான். பிறகு பெர்க்லி யூனிக்ஸோடு 'சீடேக்ஸ்' என்று ஒரு துணைக்கருவி வந்தது. எந்தப் பெயர் எந்தக் கோப்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்று புத்தகத்தின் கடைசிப் பக்க அகராதி போல ஒரு பட்டியல் போட்டுக் கொடுக்கும். அவ்வளவுதான். பொருள் தெரியாது.

என் தலைமுறையும் எனக்கு அடுத்த தலைமுறையும் தமிழ்நாட்டில் சி கற்றது டர்போ சி-யில். போர்லாண்ட் நிறுவனம் 1987-இல் கொண்டு வந்தது. அந்த நீலத் திரையை மறக்க முடியுமா? எடிட்டரும் கம்பைலரும் ஒரே கூரையின் கீழ் குடித்தனம் நடத்தியது நம் ஊர்க்காரர்கள் பலருக்கு அதில்தான் முதலில் தெரிந்தது. ஆனால் அதை வேறு டிரைவில் நிறுவி விட்டால் போச்சு. முதல் வரியிலேயே, துணைக் கோப்பைத் திறக்க முடியவில்லை என்று நிற்கும். ஆப்ஷன்ஸ் மெனுவில் டைரக்டரீஸ் என்ற இடத்துக்குப் போய், கோப்புகள் இருக்கும் அறையைச் சரியாக எழுதிக் கொடுக்க வேண்டும். லேப் அசிஸ்டென்ட் ஒருவருக்குத்தான் அந்த ரகசியம் தெரியும். அவர் லீவு போட்டால் அன்று லேப் இல்லை.

இனி 1996-க்கு வருகிறேன்.

அப்போது தாம்பரம் பக்கத்தில் ஒரு சிறிய எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை. சாயப் பட்டறைகளுக்கான டைமர் செய்து கொடுத்துக்கொண்டிருந்தோம். துணி இத்தனை நிமிடம் சாயத்தில் ஊற வேண்டும் என்று வைத்தால், நேரம் முடிந்ததும் மணி அடித்து பம்பை நிறுத்தும். உள்ளே இருந்தது 8051 என்ற சிப். அதற்கான புரோகிராமை எழுதியவர் எங்கள் சீனியர். நாங்கள் அவரை 'சார்' என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பேச்சு மட்டும் தந்தி மாதிரி.

அந்த வருடம் பொங்கல் முடிந்த கையோடு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. வேலைக்குத் திரும்ப மாட்டார் என்று தெரிந்ததும், அவர் உபயோகித்த கம்ப்யூட்டரை முழுவதும் அழித்து அக்கவுண்ட்ஸ் பிரிவுக்குக் கொடுத்துவிட்டார்கள். புரோகிராம் கோப்புகள் ஃபிளாப்பியில் பத்திரமாக இருந்தன. அதனால் யாரும் கவலைப்படவில்லை.

ஏப்ரலில் ஒரு பெரிய ஆர்டர். ஒரு சின்ன மாற்றம் செய்து, புரோகிராமைத் திரும்பக் கம்பைல் செய்து, ஐம்பது டைமர் அனுப்ப வேண்டும். பொறுப்பு என்னுடையது. கம்பைல் செய்தேன். மெமரி போதவில்லை என்று நின்றது. எங்கெங்கோ மாற்றிப் பார்த்து ஒருவழியாக நுழைத்தேன். ஓடியது. டெஸ்டிங் மேஜையில் இருந்த ஒரு பெண் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சார், அறுபது நிமிஷம் வெச்சா அறுபத்தஞ்சு நிமிஷம் ஓடுது."

அந்தப் பெண் மட்டும் கவனிக்காமல் இருந்திருந்தால் ஐம்பது பட்டறைகளில் சாயம் தப்பாகப் போயிருக்கும். புரோகிராமின் ஒவ்வொரு வரியும் சார் எழுதியபடியே இருக்கிறது. பின் ஏன் நேரம் தப்புகிறது? அனுப்ப இன்னும் நான்கு நாள்தான். முதலாளி வாயைத் திறக்காமல் என்னையே பார்த்தார். அது திட்டுவதை விட மோசம்.

சேலையூரில் சார் வீட்டுக்குப் போனேன். நோயாளியிடம் ஆபீஸ் கவலையைக் கொண்டு போகிறோமே என்று வெட்கமாக இருந்தது. வேறு வழியில்லை. ஈஸி சேரில் சாய்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கண்ணில் ஒரு வெளிச்சம். புரிந்துவிட்டது. வாயைத் திறந்தார். "கா… கா…" அதற்கு மேல் வரவில்லை.

"காபியா சார்?" என்றேன். கோபம் வந்துவிட்டது அவருக்கு. இடது கையால் நாற்காலியைத் தட்டினார். "கா… கா…" எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

அடுப்படியிலிருந்து அவர் மனைவி வந்தார்கள். பதறவே இல்லை. அவர் பக்கத்தில் குனிந்து, "ஆபீஸ் விஷயமா, வீட்டு விஷயமா?" என்று கேட்டார்கள். 'ஆபீஸ்' என்றபோது அவர் தலை அசைந்தது. "எழுதி வெச்சதா?" மறுபடி அசைந்தது. அம்மா நிமிர்ந்து என்னிடம் சொன்னார்கள்: "காலண்டர் தம்பி. ஆபீஸ் கணக்கெல்லாம் காலண்டர் தாள் பின்னாலதான் எழுதுவார்."

கரண்ட் பில், மளிகை ரசீது எல்லாம் கம்பியில் குத்தித் தொங்கவிடுவோமே, அப்படி ஒரு கம்பி அவர் அலமாரிக்குப் பின்னால் தொங்கியது. அதில் தினசரிக் காலண்டர் தாள்கள். புரட்டினோம். ஒரு ஆடி வெள்ளிக்கிழமைத் தாளின் பின்பக்கத்தில், அதே முத்துக் கையெழுத்தில், ஏழு வரி. எந்தக் கோப்பைச் சிறிய மெமரி முறையில் கம்பைல் செய்ய வேண்டும், எதைப் பெரிய முறையில். கடைசியில் கடிகாரப் படிகத்தின் வேகம்: 11.0592 மெகாஹெர்ட்ஸ்.

அங்கேதான் குட்டு உடைந்தது. கம்பைலருக்குக் கொடியாக அந்த எண்ணைச் சொல்லாவிட்டால், புரோகிராம் தானாக 12 மெகாஹெர்ட்ஸ் என்று எடுத்துக்கொள்ளும்படி எழுதியிருந்தார். எங்கள் போர்டில் இருந்தது 11.0592. 12-ஐ 11.0592-ஆல் வகுத்துப் பாருங்கள், 1.085 வரும். அறுபது நிமிடத்தை அதனால் பெருக்கினால் அறுபத்தைந்து. அந்தப் பெண்ணின் கைக்கடிகாரம் பொய் சொல்லவில்லை.

புறப்படும்போது அம்மாவிடம், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். "அவர் எந்த ஞாபகத்துல இருக்கார்னு தெரிஞ்சா போதும் தம்பி. மீதியை நானே சொல்லிடுவேன்" என்றார்கள்.

கம்ப்யூட்டர் உலகம் இதே பாடத்தைக் கற்றுக்கொள்ள இன்னும் பல வருடம் ஆனது.

1997-இல் மைக்ரோசாஃப்டின் விஷுவல் பேசிக் ஐந்தாம் பதிப்பு வந்தது. ஒரு பெயரை எழுதிப் புள்ளி வைத்தால், அடுத்து என்ன வரலாம் என்று ஒரு பட்டியல் தொங்கும். ஆபீஸில் எல்லோரும் கூடி நின்று வேடிக்கை பார்த்தோம். ஆனால் அதில் எடிட்டர், மொழி எல்லாமே ஒரே நிறுவனத்தின் சரக்கு. ஒன்றுக்கு மற்றொன்றைத் தெரியும். சி மொழிக்காரர்களில் பலர் எடிட்டர் ஓரிடத்திலும் கம்பைலர் ஓரிடத்திலும் வாங்கிப் பிழைத்தவர்கள்.

நெதர்லாந்துக்காரர் பிராம் மூலனார் 1991-இல் 'விம்' எடிட்டரை வெளியிட்டார். விஐ-யின் வாரிசு. இலவசம், விருப்பப்பட்டால் உகாண்டாவில் உள்ள ஆதரவற்ற குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று திரையிலேயே கேட்கும். அதனுடனேயே தமிழ் விசைப்பலகை வரைபடம் ஒன்றும் வந்தது. 2006-இல் வந்த ஏழாம் பதிப்பில், எழுதும் மொழியைப் பொறுத்துப் பாதிச் சொல்லை முடித்துத் தரும் வசதி வந்தது. சி மொழிக்கு அது நம்பியிருந்தது பழைய சீடேக்ஸ் பட்டியலைத்தான். அகராதியைப் பார்த்துச் சொல்லும். அர்த்தம் புரிந்து சொல்லாது.

அந்த நாட்களில் நான் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்துக்கு அடிக்கடி போவேன். 1949-இல் சி.ராஜம் தொடங்கிய கல்லூரி. அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் படித்த இடம். அங்கிருந்த ஏ.யு.-கே.பி.சி. ஆராய்ச்சி மையத்தில் 2005 வாக்கில் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் இயங்க ஆரம்பித்தது. ஐ.ஐ.டி. வளாகத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை லினக்ஸ் குழுவினர் கூடுவார்கள். ஐம்பது வயதில் நான்தான் அங்கே கிழவன். தலையில் எண்ணெய் வைத்த பள்ளிப் பையன் கூட எனக்கு விம் சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

பெரிய மாற்றம் வந்தது கம்பைலர் பக்கத்திலிருந்து. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் லாட்னர் என்ற மாணவர், பேராசிரியர் விக்ரம் ஆத்வேயின் வழிகாட்டுதலில், 2000-இல் எல்எல்விஎம் என்ற கம்பைலர் திட்டத்தைத் தொடங்கினார். பின்னர் அவர் ஆப்பிளில் சேர்ந்தார். 2007-இல் 'கிளாங்' என்ற சி கம்பைலர் எல்லோருக்கும் திறந்து விடப்பட்டது. அதன் விசேஷம் என்னவென்றால், மற்ற மென்பொருள்கள் அதைக் கூப்பிட்டு, "இந்த இடத்தில் என்ன பெயர் வரலாம்?" என்று கேட்க முடியும். ஊகம் இல்லை, கம்பைலரே சொல்லும் பதில். 2013-இல் விம்முக்காக வந்த 'யூகம்ப்ளீட்மீ' என்ற இணைப்பு அதைத்தான் செய்தது.

ஆனால் ஒரு நிபந்தனை. கம்பைலரிடம் கேட்க வேண்டுமானால், கம்பைலருக்குக் கொடுக்கும் அதே கொடிகளை எடிட்டரும் கொடுக்க வேண்டும். அதற்கென்று தனிக் கோப்பு எழுதி, அதில் ஒவ்வொரு கொடியாக வைக்க வேண்டும். எழுதாவிட்டால் பட்டியல் வராது, அல்லது தப்பாக வரும். எத்தனையோ பேர் அந்தக் கோப்பில்தான் மாட்டிக்கொண்டு, எனக்கு இந்த வசதியே வேண்டாம் என்று ஓடினார்கள். 2016-இல் மைக்ரோசாஃப்ட் எடிட்டரும் மொழிக் கருவியும் பேசிக்கொள்ள ஒரு பொது முறையை அறிவித்தது. கிளாங் குடும்பத்தில் அந்த முறையில் பேசுவது 'கிளாங்டி'. இப்போது எந்த எடிட்டராக இருந்தாலும் அதோடு பேசலாம். ஆனால் கொடிகள் வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் மாறவே இல்லை.

நம் கோயில் சுவரையே பாருங்கள். மாடம்பாக்கம் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. இப்படிப்பட்ட கல்வெட்டுகளில் கல் பொரிந்து நடுவில் எழுத்து போயிருக்கும். கல்வெட்டு அறிஞர்கள் விடுபட்டதை அடைப்புக்குறிக்குள் நிரப்புவார்கள். இஷ்டத்துக்கு அல்ல. தொடக்கத்தில் உள்ள மெய்க்கீர்த்தியையோ பட்டப் பெயரையோ வைத்து எந்த அரசன் என்று தெரிந்துகொண்டால், அந்த அரசனின் மற்ற கல்வெட்டுகளோடு ஒப்பிட்டு நிரப்ப முடியும். எந்த அரசன் என்றே தெரியாவிட்டால் பெரிய அறிஞராலும் பாதிச் சொல்லை முடிக்க முடியாது.

இதையெல்லாம் மாடி வீட்டுப் பையனிடம் சொல்லவில்லை. அவனுக்குப் பொறுமை இருக்காது. "உன் எடிட்டருக்கு நீ எந்தச் சிப்புக்கு எழுதுறேன்னே தெரியாதுப்பா. லேப்டாப்புக்கு எழுதுறேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கு" என்றேன்.

அதுதான் நடந்திருந்தது. அவன் போர்டில் இருப்பது ஏடிமெகா 328பி என்ற சிப். அதன் ஒவ்வொரு காலுக்கும் பெயர் வைத்திருக்கும் துணைக் கோப்பு, எந்தச் சிப் என்று கொடி சொன்னால்தான் சரியான பட்டியலைத் திறக்கும். கம்பைல் செய்யும் கருவி அந்தக் கொடியை மறைவாகக் கொடுத்துவிடுகிறது. அதனால் விளக்கு எரிகிறது. எடிட்டருக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் எல்லாம் சிவப்பு.

அவன் புராஜெக்ட் கோப்புறையில் 'கம்பைல் ஃபிளாக்ஸ்' என்று கிளாங்டி எதிர்பார்க்கும் பெயரில் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பைத் திறந்தோம். வரிக்கு ஒரு கொடி. முதல் வரி, சிப்பின் குடும்பம். இரண்டாவது, சிப்பின் பெயர். மூன்றாவது, கடிகார வேகம், 16 மெகாஹெர்ட்ஸ். நான்காவது, எந்த வருடத்துச் சி இலக்கணம். ஐந்தாவதும் ஆறாவதும், துணைக் கோப்புகள் இருக்கும் அறைகள். இதெல்லாம் எங்கே கிடைக்கும் என்று கேட்டான். கம்பைல் செய்யும்போது முழுக் கட்டளையையும் காட்டு என்று கருவிக்குச் சொல்லி, ஓடுகிற வரிகளிலிருந்து பொறுக்கி எடுத்தோம். பெரிய புராஜெக்டுகளில் ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனிக் கட்டளை இருக்கும்; அங்கே இந்தப் பட்டியலைச் சிமேக் போன்ற கருவியே தயாரித்துக் கொடுத்துவிடும். ஆறு வரிக்கு அது வேண்டாம்.

கோப்பைச் சேமித்து எடிட்டரை மூடித் திறந்தான். சிவப்பு எல்லாம் போய்விட்டது. 'போர்ட்' என்று பாதி அடித்தான். பி, சி, டி என்று மூன்றும் வரிசையாக வந்து நின்றன. "சூப்பர் தாத்தா!" என்று எழுந்தான்.

"உட்காருப்பா. இந்தக் கோப்பு எங்கே இருக்கும்?"

"என் லேப்டாப்ல."

"உன் கூட புராஜெக்ட் பண்ற மத்த ரெண்டு பேர்?"

யோசித்தான். புரோகிராமோடு அதையும் சேர்த்து அவர்களுக்கு அனுப்பி வைத்துவிட்டுத்தான் மாடி ஏறினான். 16 என்ற வரியைப் பற்றி, போர்டின் படிகத்தைப் பார்த்துச் சரிபார்க்கவும் என்று தனியாக ஒரு குறிப்பும் அனுப்பச் சொன்னேன். ஏன் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அவன் போன பிறகு பேப்பர் படிக்க ஓடவில்லை. சார் 2001-இல் போய்விட்டார். அம்மா அதற்குப் பிறகு மகளோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டார்கள். எனக்கும் இப்போதெல்லாம் பெயர்கள் நாக்கின் நுனியில் நின்றுவிடுகின்றன. எதிர் வீட்டுக்காரர் பெயரைப் போன வாரம் மறந்துவிட்டு, "சார், சார்" என்று சமாளித்தேன்.

மத்தியானம் ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தேன். பென்ஷன் ஆர்டர் எண் எந்த ஃபைலில், கரண்ட் கனெக்‌ஷன் யார் பெயரில், எந்த வங்கியில் நாமினி யார், மெடிக்கல் இன்சூரன்ஸ் எந்த மாதம் கட்ட வேண்டும், எந்த மாத்திரை எனக்கு ஒவ்வாது, லாக்கர் சாவி எங்கே. பதினோரு வரி வந்தது. என் மனைவியிடம் கொடுத்து, பத்திரமாக வை என்றேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். "இதெல்லாம் எனக்குத் தெரியாதா?" என்றாள். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கி ஆறாவது வரியை அடித்தாள். "லாக்கர் சாவியை அந்த டப்பாவிலிருந்து மாத்தி ரெண்டு வருஷம் ஆச்சு. மாத்தினதே நீங்கதான்."

திருத்திய தாள் இப்போது பூஜை அறை அலமாரிக்குள் இருக்கிறது. அடுத்த வாரம் ஒரு பிரதி எடுத்து மகளுக்கும் அனுப்ப வேண்டும். உங்கள் வீட்டில் அந்தப் பதினோரு வரி எங்கே இருக்கிறது என்று இன்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.